பதினோரு நாள் பட்டினியும் மூணு சீட்டும்

எனக்குப் பசி தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஒரு வேளை தப்பினால் காது அடைத்துக்கொள்ளும், கண்ணுக்கு முன்னால் கொசு பறக்கிற மாதிரி இருக்கும். டாக்டரிடம் காட்டியதில்லை. சாப்பிட்டால் சரியாகிவிடுகிற ஒன்றுக்கு டாக்டர் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

பத்தாவது ஆண்டு மலருக்காக என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். எழுபத்தொன்பதில் நம் பிஸ்கட் கம்பெனி வாசலில் தோழர் முத்திருளன் பதினோரு நாள் உண்ணாவிரதம் இருந்தாரே, அவரை உட்கார வைத்தது கொள்கையா, வைராக்கியமா என்று. கூடவே இருந்து பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்கிறீர்கள். இரண்டும் இல்லை. மூணு சீட்டு. டேப் ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் நின்றுபோனால் மறுபடி சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கம்பெனியில் அப்போது நாங்கள் அறுபது பேர் சொச்சம். நாகமலை புதுக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே வாசம் வரும். பாக்கிங்கில் இருபத்திரண்டு பெண்கள். ஆறு வருடமாக வேலை பார்த்தும் அவர்கள் டெம்பரவரிதான். அதில் ஒருத்தி முத்திருளன் பெண்சாதி அன்னக்கொடி. அவர்களை நிரந்தரமாக்கச் சொல்லித்தான் போராட்டம். வேலையை நிறுத்தினால் ஒரு மாதம் தாங்கமாட்டோம் என்று சங்கச் செயலாளர் அழகுமலை அண்ணனுக்குத் தெரியும். அதனால் தொடர் உண்ணாவிரதம் என்று முடிவானது. தினம் ஐந்து பேர், காலை எட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு வரை பந்தலில் பட்டினி. மற்றவர்கள் வழக்கம்போல வேலைக்குப் போகலாம்.

முதல் நாள் ஐந்து பேரில் என் பெயரும் இருந்தது. பால்பாண்டி, ஓவன் செக்‌ஷன் என்று அட்டையில் எழுதிச் சட்டையில் குத்தினார்கள். பதினொரு மணிக்கே எனக்குக் கொசு பறக்க ஆரம்பித்துவிட்டது.

மதியம் ஷிப்ட் முடிந்து முத்திருளன் பந்தலுக்கு வந்தான். அவன் முறை மறுநாள்தான். சும்மா எனக்குத் துணைக்கு உட்காரலாம் என்று வந்தவன். நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை மச்சான் என்பான். அன்னக்கொடி எனக்குத் தங்கச்சி முறை.

அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். தராசு செக்‌ஷன். பொட்டலத்தில் ஒரு பிஸ்கட் கூடினால் எடுப்பான், எடுத்தால் குறைகிறதே என்று வைப்பான், பிறகு பாதியாக உடைத்து வைப்பான். பஸ்ஸில் முன்னால் உட்கார்ந்தால் மோதும், பின்னால் உட்கார்ந்தால் தூக்கிப் போடும் என்று நடு சீட்டு காலியாகும்வரை நின்றே வருவான். சைக்கிளுக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவனிடம், இன்னொன்று அன்னக்கொடியிடம். இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் சைக்கிள் நகரும். நல்லவன். யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன்.

என் சட்டைப்பையில் சீட்டுக்கட்டு இருந்தது. பொழுது போகட்டும் என்று பிரித்தேன். அழகுமலை அண்ணன் பார்த்துவிட்டு வந்தார்.

"காசு வச்சு ஆடுனீங்கன்னா பந்தலப் பிரிச்சுப்புடுவேன். பேப்பர்க்காரன் படம் எடுக்க வாரான்னு சொல்லியிருக்கான்."

"காசா? புளியங்கொட்டைண்ணே" என்றேன். வாசலில் புளியமரம் இருந்தது. அவர் போய்விட்டார். கொட்டைக்கு என்ன மதிப்பு என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஒரு கொட்டை ஒரு வேளைச் சாப்பாடு. தோற்றவன் ஜெயித்தவனுக்குப் பதிலாக அந்த வேளை பட்டினி கிடக்க வேண்டும். ஆளுக்கு மூன்று சீட்டு. ஆரம்பத்தில் ஒரு கொட்டை போட வேண்டும். பிறகு மூன்று சுற்று. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கொட்டைதான் ஏற்றலாம். எதிராளி ஈடாக ஒன்று போட வேண்டும், முடியாவிட்டால் சீட்டைக் கவிழ்த்துவிட்டு அதுவரை போட்டதை இழக்க வேண்டும். இந்த வரம்பைப் போட்டதே முத்திருளன்தான். வரம்பு இல்லாமல் ஆடினால் ஆபத்து என்றான்.

வரம்பு வைத்த ஆட்டத்தில் உதார் விடுவது கஷ்டம் என்று ஆடுகிற எல்லோரும் சொல்வார்கள். பத்துக் கொட்டையை அள்ளி வைத்துப் பயமுறுத்த முடியாது. கடைசிச் சுற்றில் நடுவில் ஆறேழு கொட்டை கிடக்கும், எதிராளி இன்னும் ஒன்றே ஒன்று போட்டால் என் சீட்டைப் பார்த்துவிடலாம். கொஞ்சம் துணிச்சல் உள்ளவன் போட்டுப் பார்த்துவிடுவான். ஆனால் எச்சரிக்கைக்காரன் அப்படி இல்லை. நடுவில் கிடக்கிற ஏழு அவன் கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுப் போகிற ஒன்றுதான் தெரியும். இது எனக்கு அன்று மதியம் மூன்று மணி வாக்கில் புரிந்தது. அவன் கையில் ஜோடி பத்து இருந்தும் கவிழ்த்தான். என் கையில் இருந்தது எதற்கும் ஆகாத மூன்று சீட்டு.

அன்று நான் ஜெயித்தது மூன்று வேளை. என் இடத்தில் அவன் உட்கார்ந்தான். நான் பஸ் ஸ்டாப் கடையில் ஐந்து பரோட்டா, ஒரு சுக்கா சாப்பிட்டேன். இலையை மடக்கும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அவன் கடைசியாகச் சாப்பிட்டது அன்று மதியம், கத்திரிக்காய்க் குழம்பு. அதைப் பிறகு அடிக்கடி சொன்னான்.

மறுநாள் அவனுடைய சொந்த முறை. அதற்கடுத்த நாள் அவன் எழுந்து வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். போயிருப்பான். ஆனால் நம் கம்பெனியில் பட்டினி கிடக்க முடியாதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது இதற்குள் தெரிந்துவிட்டது. ஒருவர் வீட்டில் கெடா வெட்டு, ஒருவருக்கு மாமியார் ஊரில் காதுகுத்து. என்னிடம் வந்து தலையைச் சொறிந்தார்கள். "உங்க முறைய எங்கிட்ட விட்ருங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்" என்றேன். ஒரு நாளைக்கு ஒருவர் முறைக்கு மேல் நான் வாங்கியதில்லை. பேராசை எனக்குக் கிடையாது. வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. கெடா வெட்டுக்காரர் தூக்குச்சட்டி நிறையக் குழம்பு கொண்டுவந்தார். வாங்கிய முறையை மதியம் ஆட்டத்தில் வைப்பேன். மறுநாள் காலை அந்த இடத்தில் முத்திருளன் உட்கார்ந்திருப்பான்.

அவன் ஒரு நாளும் அதிகம் தோற்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. "இன்னைக்கு ஒன்னோட தப்பிச்சேன் மச்சான்" என்று சந்தோஷமாகச் சொல்வான். நடுவில் ஜெயிக்கவும் செய்வான். அவன் தானாக ஏற்றினால் கையில் பெரிய சீட்டு இருக்கிறது என்று அர்த்தம், நான் உடனே கவிழ்த்துவிடுவேன். அதில் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை.

சாமர்த்தியம் எப்போது உதார் விடுவது என்பதில்தான் இருக்கிறது. அவன் கையில் மோசமான சீட்டு இருக்கும்போது விட்டால் வீண், எப்படியும் கவிழ்க்கப் போகிறவன். ரொம்ப நல்ல சீட்டு இருக்கும்போதும் கூடாது, அவனே பார்த்துவிடுவான். நடுத்தரமாக ஒன்று இருக்க வேண்டும். ஒன்பது ஜோடி, பத்து ஜோடி. சந்தோஷப்படவும் முடியாமல், தூக்கிப் போடவும் மனசு வராமல், சீட்டை நெஞ்சோடு வைத்து விரலால் தடவுவான். அப்போது ஏற்ற வேண்டும். ஏற்றும்போது அவனைப் பார்க்கக் கூடாது. தண்ணீர் கேட்பது நல்லது. அடிக்கடியும் விடக் கூடாது. மூன்று தடவை நிஜமான சீட்டை வைத்து ஆடி அவனிடம் திருப்பிக் காட்டுவேன். நான் பொய்யாட்டம் ஆடமாட்டேன் என்று அவனுக்கு என்மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கையை நான் ரொம்ப ஜாக்கிரதையாக வைத்துக்கொண்டேன்.

நான்காம் நாளிலிருந்து நாலு மணிக்கு ஓவன் பக்கத்து ஷட்டரைத் திறந்து வைக்கச் சொன்னேன். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் வெக்கையில் சாகிறார்கள், அதற்காகத்தான். நெய் பிஸ்கட் இறங்குகிற நேரம், ஆடிக் காற்று வேறு, வாசம் நேராகப் பந்தலுக்கு வந்தது. பசித்தவன் இருக்கிற ஒரு வேளையையும் இழக்கப் பயப்படுவான். அதனால் இன்னும் சீக்கிரம் கவிழ்த்தான்.

அழகுமலை அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏண்டா பால்பாண்டி, இவன் ஏன் எந்திரிக்கவே மாட்டேங்கிறான்?"

"உள்ளுக்குள்ள ஒரு வைராக்கியம்ணே. வெளிய சொல்லமாட்டான்."

அவர் கண் கலங்கிவிட்டார். ஆறாம் நாள் காலையில் பெயிண்டரைக் கூட்டி வந்தார். முத்திருளன் புதருக்குப் பின்னால் போயிருந்தான். திரும்பி வந்தவன் போர்டுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"மச்சான், நான் ஒன்னுக்குப் போயிட்டு வாரதுக்குள்ள போர்டு மாறியிருக்கு. 'சாகும்வரை'ன்னு போட்டிருக்கு. யாரு சாகும்வரை?"

"அது சும்மா ஒரு வார்த்த மாப்ள."

"கீழ எம் பேரு இருக்கே."

"அண்ணன் பெயிண்ட் வாங்கிட்டாரு. அழிச்சா அம்புட்டும் வீணாப் போகும்."

அவன் யோசித்தான். எதையும் வீணாக்கப் பிடிக்காதவன். "சரி, இன்னும் நாலு வேளதான பாக்கி. அதுக்குள்ள சாகமாட்டேன்ல?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு கூட்டம் வந்தது. காலேஜ் பையன்கள் மாலையோடு வந்தார்கள். பேப்பரில் படம் வந்தது. படுத்திருக்கிற முத்திருளன், பக்கத்தில் கவலையோடு நான். என் முகம் நன்றாக விழுந்திருந்தது. எட்டாம் நாள் ஒரு டாக்டர் வந்து நாடி பிடித்து, கண்ணைப் பிரித்துப் பார்த்து, இன்னும் இரண்டு நாளுக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டுப் போனார். எலுமிச்சைத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொடுத்தோம். படுத்தபடியே சீட்டுப் பிடித்தான். சீட்டு கனமாக இருக்கிறது என்றான். அவனுக்காக நானே கலைத்து, நானே போட்டு, அவன் விரலிடுக்கில் செருகியும் வைத்தேன். அவன் சீட்டை நான் பார்த்ததில்லை. அந்த அளவுக்கு நேர்மை எனக்கு உண்டு.

பத்தாம் நாள் நாலு மணி வாக்கில் அன்னக்கொடி தூக்குச்சட்டியோடு வந்து என் முன்னால் நின்றாள். கஞ்சி. மேலே துணி கட்டியிருந்தாள்.

"அண்ணே, நாங்க டெம்பரவரியாவே இருந்துட்டுப் போறோம். இந்த மனுசன் போயிட்டா நான் எதுக்கு வேலை பாக்கணும்? நீங்க சொன்னா கேப்பாரு. எந்திரிக்கச் சொல்லுங்க."

"அவனா எந்திரிக்கணும் தங்கச்சி. நான் சொல்லக் கூடாது."

முத்திருளன் கண்ணைத் திறந்து என்னைக் கூப்பிட்டான். குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "மச்சான், நாலு வேள பாக்கி. ஒரே ஒரு கை ஆடுவோம். முழுசா ஜெயிச்சா நாலும் கழிஞ்சிரும். எந்திரிச்சு இந்தக் கஞ்சியக் குடிச்சிருவேன்."

நியாயமான கணக்குத்தான். ஆரம்பக் கொட்டை ஒன்று, மூன்று சுற்றுக்கு மூன்று. சீட்டைப் போட்டேன்.

முதல் சுற்றில் நான் சீட்டைப் பார்க்காமலேயே ஒன்று வைத்தேன். அவன் ஈடு வைத்தான். இரண்டாம் சுற்றில் அவனே முந்திக்கொண்டு வைத்தான். அவன் கண்ணில் பத்து நாளாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. நான் என் சீட்டைப் பார்த்தேன். ரெண்டு, அஞ்சு, ஒன்பது. மூன்றும் வேறு வேறு ஜாதி. முத்திருளனிடம் மட்டும் இல்லை, யாரிடமும் இந்தச் சீட்டோடு ஆடக் கூடாது. நான் சொன்ன விதிப்படி அந்த இடத்தில் கவிழ்த்திருக்க வேண்டும். அவனும் இரண்டு வேளையைக் கழித்திருப்பான், அடுத்த கையில் மிச்சத்தையும் கழித்திருக்கலாம். ஆனால் முதலாளி இறங்கி வரப்போகிற நேரம் அது. இன்னும் ஒரு ராத்திரி தாங்கினால் இருபத்திரண்டு பெண்களுக்கும் விடிந்துவிடும். அதை நினைத்து நான் ஈடு வைத்தேன்.

மூன்றாம் சுற்று என்னுடையது. கடைசிக் கொட்டையை எடுத்தேன். அவன் பக்கம் திரும்பவில்லை. அன்னக்கொடியைப் பார்த்துச் சொன்னேன்.

"தங்கச்சி, கஞ்சிய வீட்டுக்குக் கொண்டு போயிரு. வெயில்ல வச்சா புளிச்சிரும்."

சொல்லிக்கொண்டே கொட்டையை வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். முத்திருளன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஷட்டர் வழியாக நெய் பிஸ்கட் வாசம் வந்தது. எச்சிலை விழுங்கினான். கையில் இருந்த ஒரு கொட்டையை உருட்டினான். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. ஒரு பஸ் வந்து நின்று ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"வேணாம் மச்சான்" என்று சீட்டைக் கவிழ்த்தான். "உங்கிட்ட என்னமோ இருக்கு. எதுக்கு இன்னொரு வேள வம்பு?"

அவன் கண் அசந்த பிறகு அவன் கவிழ்த்த சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மூணு ராணி.

மறுநாள் காலை பத்து மணிக்கு முதலாளி கார் வந்து நின்றது. கையில் பேப்பர். இருபத்திரண்டு பேரும் நிரந்தரம். வக்கீல் அவருக்கு ஜெயம் உறுதி என்று சொல்லியிருந்தாராம், இரண்டு நாள் பேசாமல் இருந்தால் போதும் என்றாராம். அவரும் எச்சரிக்கையான மனிதர்தான். ஒரு உயிர் வாசலில் போய்விட்டால் பிஸ்கட்டை யார் வாங்குவார்கள் என்று கவிழ்த்துவிட்டார்.

முத்திருளனைத் தோளில் தூக்கினார்கள். லேசாக இருந்ததால் சிரமம் இல்லை. மாவு மூட்டை நிறுக்கிற தராசில் நிறுத்தோம். ஏழு கிலோ குறைந்திருந்தான். யாரும் இல்லாதபோது நானும் ஏறிப் பார்த்தேன். மூன்றே கால் கிலோ கூடியிருந்தேன். ஆக மொத்தத்தில் சங்கத்துக்கு மூன்றே முக்கால் கிலோதான் நஷ்டம்.

அன்னக்கொடி இன்றைக்கும் பாக்கிங்கில் எல்லோரிடமும் சொல்கிறாள்: "எங்க அண்ணன் மட்டும் அன்னைக்குக் கஞ்சியத் திருப்பி அனுப்பலன்னா நாம இந்நேரம் டெம்பரவரிதான்." வருடா வருடம் எனக்கு ஒரு சேவல் கொடுத்தனுப்புகிறாள். வேண்டாம் என்று சொன்னால் மனசு கஷ்டப்படுவாள் என்று வாங்கிக்கொள்கிறேன்.

எலுமிச்சைச் சாறு கொடுத்து முடித்து வைத்த அன்று, கூட்டம் கலைந்ததும் முத்திருளன் என் கையைப் பிடித்துக் காதோடு கேட்டான்.

"நேத்து உங் கையில என்ன மச்சான்?"

"மூணு ராஜா" என்றேன்.

ஒரு பெருமூச்சு விட்டான். முகமே மலர்ந்துவிட்டது. "நல்லவேள, கவுத்தேன். எங்கிட்ட மூணு ராணி. வேற எவனா இருந்தாலும் ஆடிக் கெட்டிருப்பான்." இப்போது அவன் சங்கத் தலைவர். புதிதாக வருகிறவர்களிடம் நிதானம் என்றால் என்ன என்று விளக்குவதற்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறான்.

முன்னால் சொன்னதில் ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். முதலாளி இறங்கி வரப்போகிறார் என்பது தெரிந்துதான் அந்தக் கடைசிக் கொட்டையை வைத்தேன் என்ற மாதிரி சொல்லிவிட்டேன். பத்து வருடமாக அப்படியே சொல்லிப் பழகிவிட்டது. தெரியாது. கார் வந்து நின்றபோதுதான் எனக்கும் தெரிந்தது. இருபத்திரண்டு பெண்களும் அந்த நேரத்தில் என் நினைவில் இல்லை. என்ன சீட்டு இருந்தால் இவன் கவிழ்க்காமல் இருப்பான் என்று பார்க்க ஆசையாக இருந்தது. டாக்டர் சொன்ன இரண்டு நாள் அன்று சாயங்காலத்தோடு முடிந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது. அவன் செத்திருந்தாலும் நான் அந்தக் கொட்டையை வைத்துத்தான் இருப்பேன்.

இவ்வளவுதான். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். சங்க ஆபீஸ் வாசலில் அவன் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கப் போகிறீர்களாமே. கல் வந்து இறங்கியதும் போய்ப் பார்த்தேன். அவன் பெயருக்குக் கீழே நாலு விரற்கடை இடம் சும்மா கிடக்கிறது. அளந்துவிட்டேன். 'உடன் உழைத்தவர் பால்பாண்டி' என்று போட அது தாராளமாகப் போதும்.